காணாமல் போன ‘போல’

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். அன்று காலை பேப்பரைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தம் எதிர் மாடி வரைக்கும் கேட்டதாம். கேட்கட்டும்.

செய்தி நாலே வரி. ஐந்தாம் பக்கத்தில், அகலமாகக் காலை நீட்டிக்கொண்டிருந்த ஒரு சோபா விளம்பரத்துக்கு மேலே இடுக்கில் கிடந்தது. தனியார் பேருந்து ஒன்று வளைவில் திரும்பும்போது மருந்துக்கடைச் சுவரில் மோதியது, பயணிகள் சிலருக்குச் சிராய்ப்பு, ஓட்டுநருக்குத் தலையில் காயம். கடைசி வரி இது: ‘ஓட்டுநர் போதையில் இருந்ததாகக் கூறப்படுகிறது.’

அந்த ஓட்டுநர் என் வீட்டுக்காரர். அந்த மனிதர் இதுவரை குடித்த ஒரே போதைச் சரக்கு இருமல் மருந்து. அதையும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பார்.

எங்கள் வீட்டில் பேப்பரைப் படிப்பவர் என் மாமனார். தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் முன் அறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து டெண்டர் அறிவிப்பு வரை சத்தமாகப் படிப்பார். அதே அறையில் நான் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டே கேட்பேன். மிஷின் சத்தத்துக்கு மேல் அவர் குரல் ஏறும், அவர் குரலுக்கு மேல் நான் மிஷினை மிதிப்பேன். “எழுதறதுக்கு முன்னாடி பத்து பேரைக் கேட்டிருப்பான்மா பேப்பர்காரன்” என்பது அவர் வாய்ப்பாடு. படித்து முடித்த பேப்பர் என் மேஜைக்கு வரும். அதில்தான் அளவு வெட்டுவேன். எத்தனையோ மந்திரிகளின் கழுத்தில் கத்தரி வைத்துக் காலர் எடுத்திருக்கிறேன்.

பேப்பர் மேல் எனக்கும் மரியாதை இல்லாமல் இல்லை. தெருமுனைச் சாக்கடை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது நாங்கள் எத்தனை பேரிடம் கத்தினோம்! ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. இதே பேப்பரில் ஒரு போட்டோ வந்தது, அந்த வாரமே மூடி போட்டார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் நான் கத்தரி வைக்கவில்லை. மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அன்று அதைக் கிழித்து எறியலாம் என்று கை போய்விட்டது.

மாமனார் அந்தக் கடைசி வரியையும் சத்தமாகத்தான் ஆரம்பித்தார். ‘போதையில்’ என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மிச்சத்தை நான்தான் பிடுங்கிப் படித்தேன், கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். உள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் பிள்ளை தலையில் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாமனார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“பேப்பர்ல போட்டிருக்கானேம்மா” என்றார் என்னிடம்.

“போட்டா? உங்க பையனை உங்களுக்குத் தெரியாதா மாமா?”

“சும்மாவா போடுவான்?”

அதோடு வாயை மூடிக்கொண்டார். பிள்ளையிடம் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் பேப்பர் வந்தது, மடிப்புக் கலையாமல் கிடந்தது. முன் அறையில் என் மிஷின் மட்டும் ஓடியது. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை, எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

பஸ் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். வியாழக்கிழமை விசாரணையாம்.

“அவரா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா கௌரவமா போயிடும்மா. பேப்பர்லயே வந்த பிறகு எங்க கையில என்ன இருக்கு?”

“நீங்க சொல்றீங்களா அவர் குடிச்சார்னு?”

“ஐயோ, நான் சொல்லலைம்மா. பேப்பர் சொல்லுது.”

பேப்பரைக் கேட்டால் ‘கூறப்படுகிறது’ என்கிறது. மேனேஜரைக் கேட்டால் பேப்பர் சொல்கிறது என்கிறார். நடுவில் என் வீட்டுக்காரர் குடிகாரர். என்ன வேடிக்கை இது! தலையில் ரத்தம் ஒழுக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரை யாரும் ஊதச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

நடந்தது எனக்குத் தெரியும். இரண்டு டிரைவர்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், அந்த இடத்துக்குக் கம்பெனி ஆள் எடுக்கவில்லை. இவரே மூன்று ஷிப்டு சேர்ந்தாற்போல் ஓட்டினார். இரண்டாவது முடிந்து வீட்டுக்கு வந்தவர் ஷூவைக் கழற்றக் கட்டிலில் உட்கார்ந்தார். ஒன்றைக் கழற்றினார், இன்னொன்றோடு அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, வாசலில் கம்பெனி ஜீப் வந்து ஹாரன் அடித்தது. “மனுஷன் தூங்கறார், போய்யா” என்றேன். “வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லச் சொன்னாங்க” என்றான் வந்தவன். ஹாரன் சத்தத்தில் இவரே எழுந்து, கழற்றின ஷூவைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

“விட்டுடு” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. “பேப்பர்காரங்களோட நாம மல்லுக்கு நிக்க முடியுமா? எழுதிக் குடுத்துட்டு வேற எங்கயாவது பாத்துக்கறேன்.”

“குடிச்சு வண்டியை மோதினவன்னு பேர் வாங்கின பிறகு எவன் உங்க கையில ஸ்டியரிங்கைக் குடுப்பான்?”

தையலை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பேப்பர் ஆபீஸ் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இவ்வளவு பேரை ஆட்டிவைக்கிற பேப்பருக்கு இத்தனை குறுகலான படியா என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். வாசலில் இருந்த காவலாளி, “யாரைப் பாக்கணும்?” என்றார்.

“கூறப்படுகிறதுன்னு எழுதினவரைப் பாக்கணும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இங்க எல்லாருமே அப்படித்தான்மா எழுதுவாங்க.”

பேப்பரை விரித்துக் காட்டினேன். செய்தி ஆசிரியரிடம் அனுப்பினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். மேஜையில் பாதி குடித்த டீக் கோப்பைகள் வரிசையாக நின்றன. “நெத்தியில இருக்கு சார்” என்றேன். நன்றி சொன்னார். சண்டைக்கு வந்த இடத்தில் நல்ல ஆரம்பம்.

“யார் சார் கூறினது?” என்று அந்த வரியில் விரலை வைத்தேன்.

“அதைச் சொல்லக் கூடாதும்மா. செய்தி குடுத்தவங்களைக் காட்டிக் குடுக்கறதில்லை நாங்க.”

“என் வீட்டுக்காரரை மட்டும் காட்டிக் குடுக்கலாமா?”

“அவர் பேரைப் போடலையே.”

“அந்த ரோட்ல அன்னிக்கு மருந்துக்கடையில மோதினது ஒரே பஸ், ஒரே டிரைவர். தெருவுல பால் வாங்கப் போனா என் முகத்தைப் பாக்காம, அடிச்ச தழும்பு இருக்கான்னு என் கையைப் பாக்கறாங்க. இதுக்கு மேல பேர் வேற வேணுமா?”

மறுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். கடிதம் எழுத நான் வரவில்லை, யார் கூறினது என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்று சொல்லி எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றியிருந்த கம்ப்யூட்டர்களுக்குப் பின்னாலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பார்க்கட்டும். ஊர் வீட்டுக் கதையை எல்லாம் எழுதுகிறவர்கள், தங்கள் வீட்டில் நடப்பதையும் கொஞ்சம் பார்க்கட்டுமே.

அப்போதுதான் அந்தச் செய்தியை எழுதின நிருபர் பெண் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பார்த்ததும் வாங்கு வாங்கு என்று வாங்கத்தான் நினைத்தேன். அவள் முந்திக்கொண்டாள். நான் யார் என்று தெரிந்ததும் என் கையில் இருந்த பேப்பரை வாங்கி அந்த வரியைப் படித்தாள். முகம் சிவந்துவிட்டது. நான் கத்த வேண்டிய கத்தலை அவள் கத்தினாள்.

“சார், இது நான் எழுதினதே இல்ல! ‘போல’ எங்க சார்?”

“எந்த போல?”

அவள் போனை எடுத்து, தான் அனுப்பியதைத் திறந்து, எனக்கும் கேட்கும்படி படித்தாள். “தொடர்ந்து மூன்று ஷிப்டு பணியாற்றிய ஓட்டுநர், தூக்கமின்மையால் போதையில் இருப்பவர் போலக் காணப்பட்டதாகக் கூறப்படுகிறது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நேத்து முழுக்க வெளியூர்ல வேற வேலைக்கா. அச்சுல வந்ததை இப்பதான் பாக்கறேன்.”

என் வீட்டுக்காரருக்காகப் பரிந்து யாரோ சொன்ன வார்த்தை அது. வாலை வெட்டியதும் அவர் கழுத்துக்கே வந்துவிட்டது.

“இடம் இல்லம்மா” என்றார் செய்தி ஆசிரியர், குரல் இறங்கி. “விளம்பரம் கடைசி நேரத்துல வந்தது. பத்து வரியை நாலு வரியாக்கணும்.”

“ஒரு ‘போல’வுக்கு இடம் இல்லையா? சோபாவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன? அதுல யாரும் உக்காரப் போறதில்லையே!”

யாரோ பின்னால் சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார்கள். செய்தி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். “ரெண்டு பேர் வேலையை விட்டுட்டாங்க. ரெண்டு பதிப்பையும் நான் ஒருத்தன்தான் பாத்தேன். வெட்டினது நான்தான். கண்ணு சொருகிடுச்சு.”

“அப்போ நீங்களும் போதையில இருந்ததா கூறப்படுகிறதுன்னு போட்டுடலாமா சார்?”

கேட்டுவிட்டேனே ஒழிய, அந்த மனிதரின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் கட்டிலில் ஒற்றை ஷூவோடு சாய்ந்தவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். பாவமாக இருந்தது. கோபமும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“திருத்தம் போட்டுடறேன்” என்றார். “நாளைக்கே. ‘போல’ன்னு.”

“எதனால போலன்னு போடுவீங்களா? மூணு ஷிப்டுன்னு?”

அங்கேதான் சிக்கிக்கொண்டது. மூன்று ஷிப்டு என்று எழுதினால் அது கம்பெனி மேல் குற்றச்சாட்டாம். சொன்னவர் பேரைப் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னாராம். “பேர் சொல்லாதவர் பேச்சை வெச்சு ஒரு கம்பெனி மேல எப்படிம்மா எழுதறது?”

“பேர் சொல்லாதவர் பேச்சை வெச்சு ஒரு டிரைவர் மேல எழுத முடிஞ்சுதே சார்?”

இந்தத் தடவை யாரும் இருமவில்லை. நிருபர் பெண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ நான் சொல்றேன்” என்றேன். “என் பேரைப் போடுங்க.”

“நீங்க பஸ்ல இல்லையேக்கா” என்றாள் அவள்.

“பஸ்ல நடந்ததைச் சொல்லலை. வீட்டுல என் கண்ணால பாத்ததைச் சொல்றேன். ஒத்தை ஷூவைச் சொல்றேன். ஹாரனைச் சொல்றேன். வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொன்னதைச் சொல்றேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அக்கா, நல்லா யோசிச்சுக்கங்க. இது வந்துட்டா கம்பெனி அவரை வெச்சுக்கவே வெச்சுக்காது. எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நாங்க எழுதுவோம், அவ்வளவுதான். அடுத்த நாள் வேற செய்திக்குப் போயிடுவோம்.”

அதைப் பூசி மெழுகாமல் சொன்னாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் அவளை எனக்குப் பிடித்துப்போனது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்காரர் விட்டுவிடு என்று சொன்னது காதில் கேட்டது. ஆனால் சொல்லாமல் இருந்தாலும் வேலை போகத்தான் போகிறது. குடிகாரர் என்ற பேரோடு போகவேண்டுமா, தூங்கவிடாமல் ஓட்டவைத்தார்கள் என்ற உண்மையோடு போகவேண்டுமா? முடிவு எடுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

இனிஷியலோடு முழுப் பேரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் எழுதினதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். “‘தூக்கக் கலக்கத்தில்’ன்னு போட்டிருக்கியே, ‘தூங்கவிடாததால்’னு போடு” என்றேன். மாற்றினாள். செய்தி ஆசிரியர் மேனேஜருக்குப் போன் போட்டுக் கருத்துக் கேட்டார். கருத்து இல்லை என்றாராம். என்னிடம் போனில் பேசும்போது நிறைய வைத்திருந்தார்.

மறுநாள் பேப்பரை நானே கேட்டில் நின்று வாங்கினேன். மூன்றாம் பக்கம், கொட்டை எழுத்தில் தலைப்பு. ‘என் கணவர் குடிக்கவில்லை, தூங்கவில்லை’. கீழே தனிக் கட்டத்தில் திருத்தமும் வருத்தமும். எல்லாம் சரி, என் வயதை மட்டும் ஐந்து கூட்டிப் போட்டிருந்தார்கள். அடப்பாவிகளா! ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்றா? அதற்காக மறுபடியும் படியேறலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

மாமனாரின் மடியில் பேப்பரைப் போட்டேன். “படிங்க மாமா. சத்தமா.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். ஒற்றை ஷூ வந்த இடத்தில் நிதானித்தார். கடைசியில், “என்று ஓட்டுநரின் மனைவி கூறினார்” என்று படித்துவிட்டு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை சொன்னார். “கூறினார்.” உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

“எனக்கு வேலை இல்லாம பண்ணிட்டே” என்றார் என்னிடம். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, “வியாழக்கிழமைக்கு அந்த நீலச் சட்டையைத் தேய்ச்சு வை” என்றார்.

வியாழக்கிழமை மூன்று பேருமே போனோம். மாமனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார், நான் இவரோடு உள்ளே போனேன். வெளி ஆட்கள் வரக்கூடாது என்றார்கள். “உங்க மேஜையில இருக்கற பேப்பர்ல என் பேர் இருக்கு, நான் எப்படி வெளி ஆள்?” என்றதும் விட்டுவிட்டார்கள்.

மேனேஜர் பேப்பரைத் தட்டினார். “நீங்க பஸ்ல இருந்தீங்களா?”

“இல்ல. வீட்டு வாசல்ல இருந்தேன். உங்க ஆள் ஹாரன் அடிச்சப்போ.”

“அது வேற விஷயம். வண்டியில அவர் எந்த நிலைமையில இருந்தார்னு சொல்ல ஆள் இருக்கா? யாராவது ஒருத்தர்?”

இல்லை என்பது அவருக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் கேட்டார். அப்போது கதவு திறந்தது. யூனிபார்மோடு, தோளில் பையோடு, அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் நின்றார். எப்போதும் பாக்கிச் சில்லறை தராததால் அவரை எல்லோரும் சில்லறை என்றுதான் கூப்பிடுவோம். பல வருஷமாக என் வீட்டுக்காரரோடு ஒரே வண்டி. விபத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

“நான் இருந்தேன் சார்” என்றார். “பேப்பர்ல கூறப்படுகிறதுன்னு போட்டாங்களே, அதைக் கூறினது நான்தான்.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஆஸ்பத்திரி வாசல்ல அந்தப் பொண்ணு கேட்டுது. போதையில இருக்கிறவர் மாதிரி இருந்தார், அவ்வளவு தூக்கம்னு சொன்னேன். பேரைப் போடாதேன்னும் சொன்னேன். பயம் சார். இப்ப அண்ணி பேரைப் போட்டே சொல்லிட்டாங்க. பஸ்ல இருந்த நான் பேர் இல்லாம ஒளிஞ்சுக்கிட்டா எப்படி?” பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “மூணு ஷிப்டுண்ணே. நானும்தான் கூட இருந்தேன். என் பேரையும் எழுதிக்கங்க சார்.”

என் வீட்டுக்காரர் அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

குடித்தார் என்ற பேச்சைக் கம்பெனி அன்றைக்கே வாபஸ் வாங்கியது. வாங்காமல் எங்கே போவது? வேலை நிலைக்குமா என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஷிப்டு விவகாரம் தொழிலாளர் ஆபீசுக்குப் போயிருக்கிறது. இழுத்தடிப்பார்கள், தெரியும். இழுக்கட்டும், நானும் விடுகிற ஆள் இல்லை.

வெளியே பெஞ்சிலிருந்து மாமனார் எழுந்தார். கதவு முழுக்கச் சாத்தவில்லை, எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. பிள்ளையின் நெற்றிக் கட்டைத் தொடப் போனவர், கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“நான் உன்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேடா” என்றார். “அடுத்த ரூம்லதானே இருந்தே.”

“நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்கப்பா” என்றார் இவர்.

குத்திக்காட்டச் சொன்னது இல்லை. உள்ளதைச் சொன்னார். வீட்டு வாசலில் மாமனார் செருப்பைக் கழற்றும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை முன் அறையில் மறுபடியும் சத்தம் வந்தது. நாற்காலி, பேப்பர், முதல் பக்கம். மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டேன். உள்ளே என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் பக்கம் வந்தது. “மருந்துக்கடையில் காலாவதியான மருந்துகள் விற்கப்பட்டதாகக் கூற...” என்று இழுத்து நிறுத்தினார். நம் பஸ் மோதிய அதே கடை.

“யாராம்?” என்றார்.

“போடலையா மாமா?”

“போடலையே.”

அவர் பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

“எங்க மாமா கிளம்பிட்டீங்க?”

“கடைக்காரர்கிட்டயே கேட்டுட்டு வரேன்” என்றார்.